ஏத்திவிட ஆள் எதுக்கு மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. அந்தப் பூட்ஸைத் திண்ணைக்கு அங்கிட்டே கழட்டிப் போடு. பதினெட்டாயிரமாமே? நம்ம வீட்டுப் படியேற அம்புட்டுச் செலவு தேவையில்ல.

எவரெஸ்ட் அடிவாரம் வரைக்கும் நடந்து போயிட்டு வர பெங்களூர்க் கம்பெனி ஒண்ணுல பணங்கட்டிட்டயாம். மூணு வேளைச் சோறு, தங்க லாட்ஜு, கூட வர கைடு, மூட்டை தூக்க ஆளு, கடைசி நாள்ல கையில ஒரு சர்டிபிகேட்டு. சந்தோசம். போடியில இருந்து போடிமெட்டுக்குப் பஸ்ஸேறினா மூணாவது வளைவுலயே எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்குற ஆளு நீ. நடந்தே போறது நல்லதுதான்.

நான் பெருசாப் படிக்கல. பட்டாளத்துல இருந்தப்போ சிக்கிம் பக்கம் ஒசக்க நிறுத்தி வெச்சிருந்தாங்க. அங்க கண்ணால கண்டது கொஞ்சம், கூட இருந்த நேபாளிப் பயலுக சொன்னது கொஞ்சம், இப்ப என் பேத்தி போனுல தேடி வாசிச்சுக் காட்டுறது மிச்சம். கேட்டுக்க. பிடிக்கலைன்னா கிழவன் ஒளறுறான்னு விட்டுரு.

முதல் சங்கதி. நீ போற அடிவார முகாம்ல நின்னு அண்ணாந்து பாத்தா எவரெஸ்ட் உச்சி தெரியாது. நெசமாத்தான் சொல்றேன். மேற்குத் தோளும் நுப்ட்சே மலையும் குறுக்க நின்னு மறைச்சிரும். உச்சியைப் பாக்கணும்னா பக்கத்துலயே காலா பத்தர்னு ஒரு மேடு இருக்கு, 5,500 மீட்டருக்கு மேல. கோழி கூவுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, குளிர்ல பல்லு கிடுகிடுக்க அதுல ஏறணும். இதை அந்தக் கம்பெனி நோட்டீஸ்ல போட்டிருக்கானா பாரு. உன் அத்தைகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாத. அம்புட்டுப் பணத்தைக் கட்டி மலைமறைவுல நிக்கப் போறானான்னு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

காசு குடுத்து மலையில நடக்குற இந்தக் கூத்தை நேபாளத்துல ஆரம்பிச்சு வெச்சதும் ஒரு பட்டாளத்துக்காரர்தான். ஜிம்மி ராபர்ட்ஸ்னு கூர்க்காப் படையில கர்னலா இருந்த வெள்ளைக்காரர். 1964-ல காட்மாண்டுல மவுண்டன் டிராவல்னு கம்பெனி போட்டார். மறுவருசம் முதல் கூட்டமா வந்து இறங்கினது மூணு அமெரிக்கப் பொம்பளைங்க. அதுவரைக்கும் மலைக்குப் போறவன்னா உச்சியேறப் பாடுபடுறவன். ராபர்ட்ஸ் வந்து, கூடாரம் போட ஒருத்தன், டீ போட ஒருத்தன், சுமக்க ஒருத்தன்னு ஏற்பாடு பண்ணினார். பணங்கட்டினவருக்கு நடக்குறது ஒண்ணுதான் சோலி. அந்தச் சோலியும் எதுக்குன்னு யோசிச்சவங்களுக்கு இப்ப ஹெலிகாப்டர் டூர் வந்திருச்சு. காலையில ஏறி மேல காபி குடிச்சிட்டு மத்தியானம் காட்மாண்டுக்குத் திரும்பிரலாம். நீ நடக்குறேங்கிற. அந்த மட்டுக்கும் பரவாயில்ல.

நடக்குறதுக்கு முன்னாடி லுக்லாவுல இறங்கணும். அந்த ஏர்போர்ட்டை 1964-ல ஹிலாரி சாகிப் கட்டினார். 1953-ல டென்சிங்கோட உச்சியேறின அதே ஹிலாரி. மண்ணு கெட்டிப்படலைன்னு ஷெர்பா சனங்களைக் கூட்டி, சாராயம் வாங்கிக் குடுத்து, ஆடவிட்டு மிதிச்சே தரையை இறுக்கினாராம். ஓடுபாதை 527 மீட்டர்தான். ஒரு கோடியில மலைச்சுவர், மறு கோடியில பள்ளத்தாக்கு. மேகம் இறங்கிருச்சுன்னா பிளேன் வராது. சீசன்ல காட்மாண்டுல இருந்து ஏத்தாம, நடுராத்திரி எழுப்பி ராமேச்சாப்புக்கு ஜீப்புல கொண்டுபோயி அங்க இருந்து ஏத்துவாங்க. நீ என்னடான்னா லுக்லாவுல இருந்து திரும்புற மறுநாளே பெங்களூருக்கு டிக்கெட்டுப் போட்டிருக்க. மேகத்துக்கு உன் மேனேஜர் நம்பர் தெரியாது மாப்ளே. ரெண்டு மூணு நாள் கையில சும்மா வெச்சுக்க. ஊர்ல பாட்டிக்கு மேலுக்கு முடியலைன்னு இப்பவே ஆபீஸ்ல சொல்லி வெச்சிரு. பாட்டி போயிச் சேந்து வெகுநாளாச்சுன்னு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?

ஒண்ணு கவனிச்சியா? "இன்னைக்குப் பறக்க முடியாது"ன்னு பைலட்டு சொன்னா எவனும் அவர்கிட்டப் போயி, "முழுப்பணம் கட்டியிருக்கேன், கிளப்புய்யா வண்டியை"ன்னு மல்லுக்கு நிக்கமாட்டான். ஆனா அதே ஆளு நாலு நாள் கழிச்சு, "இன்னைக்கு மேல ஏறவேணாம்"னு கைடு சொன்னா, பாக்கெட்ல இருந்து ரசீதை எடுப்பான்.

கைடுங்கிறவன் வழி காட்டத்தான்னு நீ நெனைச்சிருக்க. அந்தப் பாதையில வழி தவறணும்னா தனித் தெறமை வேணும். சீசன்ல முன்னாடி போறவன் முதுகைப் பாத்துக்கிட்டே நடந்தா முகாமுக்குப் போயிச் சேந்துருவ. 2023 ஏப்ரல் 1-லருந்து வெளிநாட்டுக்காரங்க கைடு இல்லாம நடக்கக்கூடாதுன்னு நேபாளத்துல விதி போட்டாங்க. எவரெஸ்ட் பக்கத்து கும்பு ஊராட்சிக்காரங்களோ, எங்க ஏரியாவுல அது செல்லாதுன்னு நின்னுட்டாங்க. ஆக, வழியும் நேரா கிடக்கு, சட்டமும் கழுத்தைப் பிடிக்கல. பின்ன எதுக்குக் கைடுக்குக் கூலி? உன்னை ஏத்திவிட ஆள் வேண்டியதில்ல மாப்ளே, உன் திமிரே ஏத்திவிட்டுரும். "போதும், இறங்கு"ன்னு சொல்லத்தான் ஆள் வேணும். நீ கட்டின பணத்துல பெறுமானமுள்ள சரக்கு அந்த ஒரு வார்த்தைதான். சோறு, லாட்ஜு, சர்டிபிகேட்டெல்லாம் கொசுறு.

எட்டத்துக்கு எதுக்குப் போகணும்? குரங்கணி நமக்குப் பக்கம்தான். 2018 மார்ச் 11, மலையேறப் போன கூட்டம் காட்டுத்தீயில மாட்டி 23 உசுரு போச்சு. யார் மேல தப்புன்னு நான் பஞ்சாயத்துப் பேச வரல. காய்ஞ்ச புல்லு நிக்கிற மாசத்துல "இப்ப வேணாம்"னு சொல்ல ஒருத்தரும், சொன்னாக் கேக்க நாலு பேரும் இருக்கணும், அம்புட்டுத்தான். அந்த வருசமே நம்ம அரசு மலையேற்றத்துக்கு விதி கொண்டுவந்துச்சு. 2024-ல நாற்பது பாதையை அளந்து, உள்ளூர் மலைச்சனங்களுக்கே பயிற்சி குடுத்துக் கூட அனுப்புறாங்க. நீ அதுல ஒண்ணுலயாவது நடந்து பழகிட்டுப் போயிருக்கலாம். ஆனா அதுக்கு லிங்க்டின்ல லைக்கு விழாது.

இப்ப ஒசரத்துக் கணக்கைக் கேளு. கீழ்நாட்டுல இருந்து வர்ற சிப்பாயைப் பட்டாளத்துல ஒரேயடியா மேல அனுப்பமாட்டான். 9,000 அடி தாண்டினா 6 நாள் அங்கயே பழகணும், அதுலயும் முதல் ரெண்டு நாள் சும்மா இருக்கிறதுதான் டூட்டி. 12,000 அடி தாண்டினா இன்னும் 4 நாள். 15,000 தாண்டினா மறுபடி 4 நாள். துப்பாக்கி தூக்குற உடம்புக்கே இந்தக் கதி. உன் அடிவார முகாம் 5,364 மீட்டர், நம்ம கணக்குல 17,600 அடி. லேப்டாப் தூக்குற உடம்பை எட்டே நாள்ல அங்க கொண்டுபோயி நிறுத்துறேங்கிறான் உன் கம்பெனி. அங்க மூச்சுக்குக் கிடைக்குற பிராணவாயு கடற்கரையில கிடைக்குறதுல பாதிதான்.

வைத்தியருங்க சொல்ற கணக்கு இது: 3,000 மீட்டர் தாண்டிட்டா, இன்னைக்குப் படுக்குற இடம் நேத்துப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல ஒசரமா இருக்கக்கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் ஓய்வு. அதனாலதான் நாம்சே பஜார்ல 3,440 மீட்டர்ல ரெண்டு ராத்திரி, டிங்போச்சேயில 4,410 மீட்டர்ல ரெண்டு ராத்திரி. உன் பயணத் திட்டத்துல அந்த ரெண்டாவது ராத்திரி இருக்கான்னு விரல் வெச்சுப் பாரு. "விரைவுத் திட்டம், ரெண்டு நாள் மிச்சம்"னு எவனாவது போட்டிருந்தா, அவன் மிச்சம் பிடிச்சது உன் உசுருல.

நீ ஜிம்முக்குப் போறவன். அந்த ஒசரத்துக்கு உன் கைச்சதை மேல ஒரு மரியாதையும் கிடையாது. ஒசரத்து நோயி தெம்பா இருக்கவனுக்கும் வரும், நோஞ்சானுக்கும் வரும். தெம்பா இருக்கவன் வெரசா நடந்து, வெரசா போயி மாட்டுவான். சாயங்காலம் லாட்ஜுல கைடு வந்து "தலை வலிக்குதா?"ன்னு கேப்பான். நீ "சேச்சே"ம்ப. எதிர்ல கூட வந்த சென்னைப் பொண்ணு ஒண்ணு சூப்புக் குடிச்சிக்கிட்டு இருக்கும், நீ எப்படி ஆமாங்கிறது? கைடு ஒண்ணும் பேசமாட்டான். உன் தட்டைப் பாப்பான். பருப்புஞ்சோறும் கேக்கக் கேக்கப் போடுற ஊர்ல ஒருத்தன் ரெண்டாந்தரம் வாங்காம எந்திரிச்சாலே அவனுக்குப் பாதி தெரிஞ்சிரும். அப்புறம் முற்றத்துக்குக் கூப்பிட்டு, ஒரு கால் குதியை மறு கால் விரலோட ஒட்டி வெச்சு நேர்கோட்டுல பத்தடி நட பாப்பம்பான். டாஸ்மாக் வாசல்ல இருந்து வீடு திரும்புறவன் கணக்கா நீ தள்ளாடினா, தண்ணி மூளைக்கு ஏறிருச்சுன்னு அர்த்தம். அது நீ குடிச்ச தண்ணியில்ல, மூளையில கோத்துக்கிட்ட நீர். படுத்துக்கிடக்கும்போதே மூச்சு வாங்கினா நெஞ்சுல நீர். ரெண்டுக்கும் அந்த ராத்திரியே கீழ இறங்கணும். விடியட்டும்னு பாக்கக்கூடாது.

டயமாக்ஸ்னு ஒரு மாத்திரை இருக்கு. டாக்டர்கிட்டக் கேட்டு வாங்கு, சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்காதுன்னா முதல்லயே சொல்லிரு. அதைப் போட்டா விரல் நுனி சுருசுருங்கும், ராத்திரி பூரா ஒண்ணுக்குப் போகும். அந்தக் குளிர்ல, பக்கெட்டுத் தண்ணி உறைஞ்சு கிடக்குற கக்கூசுக்கு நாலுதரம் போயிட்டு வந்தீன்னா உன் அகங்காரம் தன்னால வடிஞ்சிரும். மாத்திரை போட்டாச்சுன்னு துள்ளாத. அது உடம்பு பழகுறதுக்குக் கைகொடுக்கும், இறங்க வேண்டியவனை ஏத்திவிடாது. பெரிச்சேயில இமாலய மீட்புச் சங்கத்துக்காரங்க ஒரு சின்ன ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்க, 1973-லருந்து இருக்கு. சீசன்ல மத்தியானம் டாக்டருங்க இந்த நோயைப் பத்தி இலவசமாப் பேசுறாங்க. போயி உக்காந்து கேளு. இலவசம்னா நம்ம ஆளுக கேக்கமாட்டாங்க, நீயாவது கேளு.

அடுத்தது மூட்டை. ஹேர் டிரையர், டிரைபாடு, மூணு சென்ட்டு பாட்டில், மாத்துக்கு மாத்து ஜெர்க்கின்னு உங்கம்மா கட்டில்ல பரப்பி வெச்சிருந்ததைப் பாத்தேன். உன் முதுகுப்பையில அஞ்சு கிலோ, மிச்சத்தை யாரோ தூக்குவான்னு விட்டுட்ட. அந்த யாரோவைக் கொஞ்சம் கிட்டக்க நின்னு பாரு. டோக்கோன்னு மூங்கில் கூடை முதுகுல இருக்கும். அதோட பாரம் தோள்ல நிக்காது, நாம்லோங்கிற பட்டை வழியா முன்நெத்தியில நிக்கும். கையில டி எழுத்து வாட்டத்துல ஒரு குட்டைக் கம்பு. இளைப்பாற உக்காரமாட்டான். உக்காந்தா திரும்ப எந்திரிக்கிறது பாடு. நின்னவாக்குல கூடைக்கு அடியில அந்தக் கம்பை முட்டுக்குடுத்து, ஒரு சீழ்க்கை மூச்சை விடுவான், பத்து எண்ணுறதுக்குள்ள மறுபடி நடப்பான். உன் மூணாவது சென்ட்டு பாட்டில் அந்த நெத்தியிலதான் ஏறி வருது.

நேபாளத்துல ஒரு ஆளுக்கு 30 கிலோவுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு சுமைக்காரங்களுக்காகப் பேசுறவங்க சொல்றாங்க. லாட்ஜுக்குச் சரக்கு ஏத்துறவனுக்குக் கிலோக் கணக்குல கூலி, அவன் அதுல ரெண்டு மடங்குகூடத் தூக்குவான். இன்னொண்ணும் தெரிஞ்சுக்க. மலைநாட்டுக்காரன், அவனுக்கென்னன்னு நெனைக்காத. சுமக்குறவங்கள்ல பலபேரு கீழ் மலைப் பக்கத்து ராய், தமாங் சனங்க. அவங்களுக்கும் அந்த ஒசரம் புதுசு, அவங்களுக்கும் தலை வலிக்கும். கூலி போயிருமேன்னு வெளிய சொல்லமாட்டாங்க. 1997-ல அப்படி ஒரு சுமைக்காரப் பையன் செத்த பின்னாடிதான் அவங்களுக்காகவே ஒரு சர்வதேசச் சங்கம் உண்டாச்சு. அதனால புறப்படுற அன்னைக்கு காலையில கம்பெனிக்காரன்கிட்ட மூணு கேள்வி கேளு. சுமக்குறவருக்கு இன்சூரன்ஸ் உண்டா? ராத்திரி எங்க படுப்பார்? நல்ல பூட்ஸும் ஜெர்க்கினும் இருக்கா? அவன் முழிச்சான்னா, உன் மாத்து ஜெர்க்கினுக்கு ஆள் கிடைச்சாச்சு.

சில்லறைச் சங்கதி கொஞ்சம். யாக்கும் கலப்பு மாடும் மணி அடிச்சுக்கிட்டு வரிசையா வரும். சத்தம் கேட்டதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் நின்னு செல்பி எடுத்தீன்னா மாடு முட்டவேண்டியதில்ல, சாக்கு உரசினாலே காரியம் முடிஞ்சிரும். மந்திரம் செதுக்கின கல்லுச்சுவர் வந்தா, அது உன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நட. நாம்சேக்கு மேல ஆடு, கோழி அறுக்கமாட்டாங்க, பௌத்த சனங்க. தட்டுல வர்ற கறி கீழ இருந்து நாள்கணக்கா முதுகுல ஏறி வந்தது. உன்னைவிட அதுக்கு மலை அனுபவம் சாஸ்தி, வேணாம்னு சொல்லிரு. அந்தப் பக்கத்துத் தேசியப் பூங்கா எல்லைக்குள்ள விறகு வெட்டக்கூடாதுங்கிறதால ஒசக்க லாட்ஜுல யாக்கு வறட்டிதான் எரியும். நம்ம தொழுவத்துக்குள்ள மூக்கைப் பொத்திக்கிட்டு வர்ற நீ, அங்க அந்த அடுப்புக்குக் கிட்ட எடம் பிடிக்கச் சண்டை போடுவ. பீர் குடிக்கிறதா இருந்தா இறங்கி வரும்போது குடி. ஏறும்போது நாம்சே கடைக்காரன் என்ன சிரிப்புச் சிரிச்சாலும் நிமிந்து பாக்காத.

இம்புட்டு சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா தப்பு. "இறங்கு"ன்னு சொல்ற எல்லாரும் யோக்கியன் இல்ல. 2018-ல நேபாள அரசே விசாரணை வெச்சுச்சு. கைடு சிலபேரு, டிரெக்கிங் கம்பெனி சிலது, ஹெலிகாப்டர்க்காரன், ஆஸ்பத்திரி எல்லாம் கைகோத்து, லேசா தலைவலின்னு சொன்னவனையும் இன்சூரன்ஸ் காசுக்காக ஹெலிகாப்டர்ல தூக்கிப் போட்டது வெளிய வந்துச்சு. சாப்பாட்டுல பேக்கிங் சோடாவைக் கலந்து வயித்தைக் கலக்கவிட்டதாக்கூடப் பேப்பர்ல வந்துச்சு. வெள்ளைக்காரனுக்கு மட்டும் நடந்ததுன்னு இருந்துறாத. உன்கிட்டயும் இன்சூரன்ஸ் இருக்கு.

ரெண்டு பேரையும் எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குற. நல்ல கைடு முதல்ல "இன்னைக்கு இங்கயே இருப்போம்"பான். சரியாகலைன்னா, "கீழ ஊருக்கு நடந்து இறங்குவோம், நான் கூட வர்றேன்"பான். அதுல அவனுக்கு ஒரு பைசா கிடையாது, நடைதான் மிச்சம். நடக்கவே முடியாதவனுக்கு, நெஞ்சுல நீர் கோத்தவனுக்கு ஹெலிகாப்டர் கூப்பிடுவான், கூப்பிடத்தான் வேணும். நீ மூணு தட்டுச் சோறு தின்னுட்டு ஏப்பம் விடும்போது எவன் ஆகாசத்தைப் பாத்து நம்பரைத் தட்டுறானோ, அவன்கிட்ட உன் தலைவலியைச் சொல்லாத.

பணத்தைக் கட்டி முடிச்சிட்டாலும், கைடு யாருன்னு கேட்டு முன்கூட்டியே போன்ல பேசு. எத்தனைதரம் அடிவாரம் போயிருக்கீங்கன்னு கேக்காத. அதை எல்லாரும் நூறும்பான், எறநூறும்பான். "அண்ணே, எத்தனை பேரைப் பாதியிலயே கீழ கூட்டிட்டு வந்திருக்கீங்க?"ன்னு கேளு. "எங்க கூட வந்த அத்தனை பேரும் மேல போயிருக்காங்க சார், நூத்துக்கு நூறு"ன்னு மார்தட்டினா, அவன் பொய் சொல்றான், இல்லைன்னா ஆபத்தான ஆளு. கொஞ்சம் யோசிச்சு, "போன சீசன்ல லோபுச்சேயில இருந்து ஒருத்தரைத் திருப்பினேன், என்னைக் கெட்டவார்த்தையில திட்டினார், ஊருக்குப் போயி போன் பண்ணினார்"னு ஒரு கதை சொன்னான்னு வெய்யி, அந்த ஆளோட போ. என் தங்கச்சி மகனை அவன் கையில நம்பிக் குடுப்பேன்.

பாதியில திரும்பினா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தயங்குற, மூஞ்சியில தெரியுது. அடிவாரம் எது, உச்சி எதுன்னு இங்க எவனுக்குத் தெரியும்? உங்கம்மா உன்னை ஏற்கெனவே உச்சியில ஏத்திவிட்டாச்சு. ரேசன் கடை வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் அந்தச் சேதி போயிருச்சு. நீ நாம்சேயோட திரும்பினாலும் கொடி நட்டவன்தான். டீக்கடைப் பக்கத்தை நான் பாத்துக்கிறேன், அங்க தேவைப்பட்டா ஒரு பனிக்கரடியையும் சேத்து விட்டுருவேன்.

போறப்ப டிப்ஸுக்குன்னு ரெண்டு கவரைத் தனியாக் கட்டி எடுத்துட்டுப் போ. சுமந்தவருக்கு உள்ளதை அவர் கையிலயே குடு, அது வேற கணக்கு. இந்த ரெண்டு கவரும் கைடுக்கு. உன்னை மேல கொண்டுபோயிச் சேத்தான்னா ஒரு கவரைக் குடு. நீ மல்லுக்கு நின்னு, திட்டி, ரசீதை நீட்டியும் மசியாம உன்னைப் பாதியில இறக்கிக் கூட்டிட்டு வந்தான்னா, ரெண்டையும் குடுத்துட்டு வா.